மழையில் விட்ட சாரம்

உலகம் முன்னேறுகிறதா இல்லையா என்று அளக்கும் வேலையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். புத்தூரில் வீடு வீடாகப் போய், உங்கள் மலசலகூடத்தை வேறு குடும்பமும் பாவிக்கிறதா, கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று கேட்பதுதான் அந்தப் பங்கு. உலகத்தை அளக்கிறவர்கள் கொழும்பிலும் அதற்கு அப்பாலும் குளிரூட்டிய அறைகளில் இருந்தார்கள். சவர்க்காரத்தை எட்டிப் பார்க்கிறவள் நான்.

நான் அரச அலுவலகம் ஒன்றில் புள்ளிவிபரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் முதல் ஆளாய்ப் போய் நின்றேன். ஏனம்மா இந்த வயதில் வெயிலில் அலைகிறாய், காசு நாங்கள் அனுப்புகிறோம்தானே என்று மகன் கனடாவில் இருந்து கோபித்தான். சும்மா இருந்தால் கால் விறைக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். உண்மை அது இல்லை. சில நாட்களில் பொழுது சாயும்வரை என் குரலை நானே கேட்பதில்லை. யாராவது வந்து கேற்றைத் தட்டினால் முதல் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டு கரகரவென்று வரும். ஊராருடன் கதைக்கச் சொல்லி அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் விடுவேனா?

பயிற்சி யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. பதினேழு இலக்குகளைப் பதினேழு நிறச் சதுரங்களாகச் சுவரில் காட்டினார்கள். வறுமை ஒழிய வேண்டும், பசி ஒழிய வேண்டும், நல்ல தண்ணீர், நல்ல காற்று, கடல், காடு, நீதி. நாடுகள் எல்லாம் கையொப்பம் வைத்திருக்கின்றனவாம். கடைசியாக ஒரு வசனம் வந்தது: எவரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம். கொழும்பில் இருந்து வந்தவரிடம் நான் எழும்பிக் கேட்டேன், பின்னால் நிற்கிறவர் யார் என்று முன்னால் போகிறவருக்கு எப்படித் தெரியும் என்று. அதற்காகத்தான் நீங்கள் எண்ணப் போகிறீர்கள் என்று அவர் சிரித்தார். பதில் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

கேள்விகள் எல்லாம் கைக்கு அடக்கமான ஒரு டெப் கணினியில் இருந்தன. ஒன்றுக்கு விடையைத் தட்டினால்தான் அடுத்தது வரும். முதற் கேள்வியே, இந்த வீட்டில் எத்தனை பேர். ஒரே உலையில் சமைத்துச் சாப்பிட்டு, வழமையாக அந்த வீட்டில் படுத்தெழும்புகிறவர்களைத்தான் எண்ண வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கணக்கில் இல்லை.

பயிற்சியின் தேநீர் வேளையில் என் பக்கத்தில் இருந்தவள் உடுப்பிட்டியில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். நாற்பது வயதிருக்கும். மாமா, மாமி, புருஷன், பிள்ளைகள், மச்சாள் என்று நிறைந்த வீடு. மூச்சு விடவும் இடமில்லை என்று அவள் அலுத்துக்கொண்டே வடையைப் பிய்த்தாள். உங்கள் வீட்டில் யார் யார் அக்கா என்று என்னைக் கேட்டாள்.

"அவரும் நானும்" என்றேன்.

அவர் செத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. நாக்குப் பழகிப் போயிருந்தது. இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும்.

கொக்குவிலில் என் வீட்டுக்குப் பின்மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. அவருடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனம் கலைந்து, மகனும் மகளும் விமானம் ஏறிய பிறகு, பக்கத்து வளவுக்காரி வந்து எனக்கு ஒரு புத்தி சொன்னாள். அவருடைய உடுப்புகளை எல்லாம் கொடுத்துவிடாதே, அவர் இடுப்பில் உடுத்த ஒரு சாரத்தை எடுத்துக் கொடியில் போட்டுவை, வாசலில் அவருடைய செருப்பும் கிடக்கட்டும் என்றாள். தனியப் பொம்பிளை இருக்கிற வீடு என்று களவு எடுக்கிறவன் மோப்பம் பிடித்துவிட்டால் பிறகு நித்திரை இல்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதினமில்லை. எத்தனையோ வீட்டுக் கொடிகளில் உடுக்க ஆளில்லாத சாரங்கள் ஆடுகின்றன. தெரியாத ஆள் கேற்றடியில் நின்று ஐயா நிற்கிறாரோ என்றால், அவர் உள்ளே படுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். நானும் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர் யார் என்று பார்க்காமலே சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

உடுப்பிட்டிக்காரி கள்ளன் இல்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியவில்லை. ஒரு பொய்யை மூட ஒன்பது பொய் என்பார்கள். அவருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று வெள்ளனப் புறப்பட்டேன். அவருக்கு உறைப்புக் கூடாது என்றேன். ஒரு நாள் அவருக்குத் தடிமன், விடாத தும்மல் என்றுகூடச் சொல்லிவைத்தேன். சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்.

களத்தில் நான் பொல்லாதவள். சனம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எத்தனை பேர் என்றால் ஆறு பேர் என்பார்கள். ஆறு பேரும் எங்கே என்றால், மூத்தவன் பாரிஸ், நடுவிலாள் லண்டன், கடைசி சுவிஸ் என்று விரல் மடியும். அவர்களை எண்ணக்கூடாது என்றால், பெத்த பிள்ளையை எண்ணாமல் விடுகிறதோ என்று சண்டைக்கு வருவார்கள். சமையல் எதில் என்றால் காஸ் என்பார்கள். அந்தக் காஸ் அடுப்பின் மேல் துணி மூடி, அதற்கு மேல் பூச்சாடியும் வைத்திருக்கும். பின்பக்கம் கொட்டிலில் தென்னம் பாளையும் பன்னாடையும் புகைந்துகொண்டிருக்கும். விலை ஏறிய காலத்தில் விறகுக்குத் திரும்பியவர்கள் திரும்பியதுதான். நான் கொட்டில்வரை போய்ப் பார்த்து விறகு என்று தட்டிவிட்டுத்தான் வருவேன். உலகம் என்னை நம்பி இருக்கிறது என்று ஒரு எண்ணம்.

ஒரு முற்பகல், பெருந்தெருவில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு வீடு. முன்னால் செம்பாட்டு மண் தறையில் வேறு யாரோ வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரிக்கு என் வயது இருக்கும். காணியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கதிரை எடுத்துப் போட்டாள். எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேர் என்றாள். தானும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், அவர் உள்ளே படுத்திருக்கிறார். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

நான் நாலு என்று தட்டிவிட்டேன். பெயர் வயது கேட்கத் தொடங்கும்போது வானம் இருண்டு தூறல் விழுந்தது. அவள் பறந்தடித்து முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் கிடந்த தன் சட்டை, பாவாடை, துவாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். சாரத்தை விட்டுவிட்டாள். நீலக் கட்டம் போட்ட சாரம். மழை பெரிதாகப் பிடித்தது. சாரம் நனைந்து கனத்துத் தொங்கியது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டில் ஆம்பிளை உயிரோடு படுத்திருக்க, எந்தப் பொம்பிளை அவருடைய சாரத்தை மழையில் விட்டுவிட்டுத் தன் துவாயைத் தூக்கிக்கொண்டு வருவாள்? நான் கோழி பிடித்த நரி மாதிரி இருந்தேன்.

"அவரின்ரை சாரம் நனையுது" என்றேன்.

அவள் வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையில் கிடந்த துணிகளைக் கதிரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் ஒஸ்ரேலியா என்று மெல்லச் சொன்னாள். நான் விடவில்லை. அப்படியென்றால் ஒன்று என்றுதான் போட வேண்டும், பொய்க் கணக்கில் உலகம் எப்படித் திட்டம் போடும் என்று பயிற்சியில் சொன்னதை எல்லாம் அவளுக்கு ஒப்புவித்தேன். பெயர் வெளியில் போகாது, இலக்கம் மட்டும் மாவட்டத்துக்குப் போய், கொழும்புக்குப் போய், பிறகு உலகக் கணக்கில் சேரும் என்றேன்.

"உலகத்துக்குத் தெரிஞ்சால் பரவாயில்லை. இந்த ஒழுங்கைக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நாலை அழித்து ஒன்றைத் தட்டினேன். போட்டாச்சோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அவ்வளவுதானா என்று ஒருமாதிரிக் கேட்டாள். ஏதோ பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருப்பாள் போல. பிறகு மற்றக் கேள்விகள். கிணற்றில் தண்ணீர் உண்டு, குடிக்கப் பயம், போத்தல் தண்ணீர் வாங்குகிறாள். மின்சாரம் உண்டு. சவர்க்காரம் உண்டு, நல்ல மணமான சவர்க்காரம். உலகத்தின் பதினேழு சதுரங்களிலும் அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. யாருடன் கதைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியும் அந்த டெப்பில் இல்லை.

பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். மழை விடும்வரை இருந்தேன். புறப்படும்போது கேற்றடிவரை வந்தவள், வழியில் கொடியில் இருந்து எடுத்த சாரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நீங்களும் தனியத்தானே இருக்கிறியள்?"

"இல்லை, எங்கடை அவர் வீட்டிலை நிக்கிறார்" என்றேன். எவ்வளவு கெதியாக வந்தது அந்தப் பதில்.

அவள் சாரத்தை உதறினாள். "நல்லது. அவரை நான் சுகம் விசாரிச்சதாச் சொல்லுங்கோ" என்றாள்.

குத்தலா, கனிவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கணமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பின்னேரம் டெப்பை ஒப்படைக்கப் போன இடத்தில், எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லாமல் உடுப்பிட்டிக்காரிக்கு இந்தக் கதையை ஒரு வீரப்பிரதாபமாகச் சொன்னேன். மழையில் விட்ட சாரத்தை வைத்து ஆளைப் பிடித்தேன் என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா, நீங்கள் பொலிசுக்குப் போயிருக்க வேண்டும் என்றாள். அவருக்குத் தேத்தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

கொக்குவிலிலும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேற்றைத் திறந்து பக்கத்தால் சுற்றிப் பின்பக்கம் போனேன். காலையில் வானம் மப்பாக இருந்தபடியால் போகுமுன் உடுப்புகளை எல்லாம் எடுத்து விறாந்தையில் போட்டிருந்தேன். என் உடுப்புகளை. கொடியில் அவருடைய சாரம் மட்டும் தெப்பமாக நனைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மழைக்கு அதை அப்படியே விட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். எல்லா மழைக்கும்தான். உயிரோடிருந்த காலத்தில் சாரத்தில் ஒரு ஈரம் பட்டாலும் முகம் சுளிப்பார், வெயிலில் காய்ந்த மணம் இருக்க வேண்டும் அவருக்கு. நான் கிணற்றுக் கட்டில் இருந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் யாருமில்லை. பின்னால் ரயில் போனது. யன்னலோரம் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், சாரம் கிடக்கிறது, இந்த வீட்டில் ஆம்பிளை இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கார்த்திகை மாதம் எங்கள் வீதியும் கணக்கெடுப்பில் விழுந்தது. தன் பகுதியைத் தானே எடுக்கக்கூடாது என்பது விதி. உடுப்பிட்டிக்காரிக்குத்தான் கொடுத்தார்கள். உங்கள் வீடும் இருக்கிறது அக்கா, வந்து ஐயாவையும் பார்க்கிறேன் என்று சந்தோஷமாகப் போன் எடுத்தாள்.

இரண்டு நாள் நித்திரை இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். பூட்டியிருந்தால் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்த விதிதான். அவர் கொழும்புக்கு மருந்தெடுக்கப் போய்விட்டார் என்று சொல்லலாம். வழமையாக வசிப்பவர் என்றால், ஊரில் இல்லாவிட்டாலும் கணக்கு இரண்டுதான். இரண்டு என்று போட்டால் உலகம் குடை சாய்ந்துவிடுமா? சாயாது. ஆனால் புத்தூரில் ஒருத்தியை ஒன்று என்று சொல்லவைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் சொல்லிவிட்டாள். நான் சொல்லவில்லை. என் வாயால் ஒரு ஆளுக்கும் இதுவரை சொல்லவில்லை. மகனுக்குக்கூட, தனியாக இருக்கிறேன் என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள் என்றுதான் சொல்லுவேன்.

அவள் வந்தபோது வானம் மழைக் குணமாக இருந்தது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், ஐயா படுத்திருக்கிறாரோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நான் அவளைப் பின் விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டேன். அவள் டெப்பைத் திறந்தாள். வீதி, இலக்கம் எல்லாம் போட்டு முடிய, மழை சரசரவென்று இறங்கியது.

நான் எழும்பவில்லை. அவள்தான் பாய்ந்து போனாள், நிறைந்த வீட்டில் பழகிய கை. "ஐயாவின்ரை சாரம் நனையப்போகுது" என்று சொல்லிக்கொண்டு முதலில் சாரத்தைத்தான் எடுத்தாள். பிறகுதான் என் சேலையை எடுத்தாள். தலை நனைய ஓடி வந்து, இருந்து, சாரத்தை மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு நேராக இருந்தது. கேள்வியைக் கேட்டாள், பதில் தெரிந்த கேள்வியை ஒப்புக்குக் கேட்கிற மாதிரி. விரல் டெப்பில் இரண்டு என்ற இலக்கத்துக்கு மேல் நின்றது.

"வீட்டிலை எத்தினை பேர் அக்கா?"

"நான் ஒராள்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், மடியில் கிடந்த சாரத்தைப் பார்த்தாள். நான் சொன்ன கதை அவளுக்கு ஞாபகம் வந்ததை முகத்தில் கண்டேன். சிரித்த கதை அல்லவா.

"அப்ப ஐயா? எப்ப தொடக்கம் அக்கா?"

"உது கேள்வியிலை இல்லை. ஒண்டெண்டு போடு" என்றேன். கோபமாகத்தான் வந்தது. குரல் உடைந்துவிடக் கூடாது என்றால் எனக்குக் கோபத்தை விட்டால் வேறு வழி தெரியாது.

அவள் போட்டாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. புத்தூர்க்காரி சொன்னது போல அவ்வளவுதான். அடுத்த கேள்வி, சமையலுக்கு என்ன எரிபொருள். விறகு என்றேன். தண்ணீர், மின்சாரம், சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் எழும்பிப் போய்ப் பார்த்துத்தான் போட்டாள், நல்ல பிள்ளை. எனக்கும் பதினேழு சதுரங்களில் பெரிய குறை இல்லை. போகும்போது சாரத்தை இரண்டு கையாலும் தந்தாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாங்கோ அக்கா, சத்தம் தாங்கமாட்டீர்கள் என்றாள். வாறன் என்றேன். இன்னும் போகவில்லை.

அந்த ஒன்று இப்போது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். புத்தூர் ஒன்றும் கொக்குவில் ஒன்றும் ஒரே நிரலில் கிடக்கலாம், ஒன்றை ஒன்று தெரியாமல். உலகம் எவ்வளவு முன்னேறியது என்று யாரோ ஒரு மண்டபத்தில் கோடு கீறிக் காட்டுவார்கள்.

அன்று சாரத்தை அலுமாரியில் வைத்துவிட்டேன். செருப்பையும் கழுவி உள்ளே எடுத்தேன். இனி இந்த நடிப்பு வேண்டாம் என்று இருந்தது. விடிய எழும்பிப் பின்கதவைத் திறந்தேன். கொடி வெறுமனே கிடந்தது. ஒரு சேலையும் துவாயும் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை. சாரத்தை எடுத்து வந்து திரும்பவும் விரித்துப் போட்டேன், வெயில் படுகிற பக்கமாக.

களவு எடுக்கிறவன் இனிப் பார்த்து என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். மழை இருட்டினால் இப்போது நான் முதலில் ஓடிப்போய் அதைத்தான் எடுக்கிறேன்.